மகரந்த அலர்ஜி: ரத்தப் பரிசோதனை எண் ஏன் வருடத்துக்கு வருடம் மாறுகிறது?

கேள்வி: டாக்டர், எனக்கு 36 வயது. புல் மகரந்தம் ஒத்துக்கொள்ளாது. சீசன் வந்தால் தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு என்று படாதபாடு படுகிறேன். போன வருடம் சீசன் தொடங்கும் முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் புல் மகரந்தத்துக்கான ஐஜிஇ 9.8 என்று வந்தது. அந்த சீசனில் மகரந்தம் வழக்கத்தை விட ரொம்ப அதிகம் என்றார்கள். சீசன் முடிந்து ஒரு மாதம் கழித்து மறுபடி எடுத்தேன், 21.4. மூன்றாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்புக்குப் போய்விட்டதாக ரிப்போர்ட்டில் போட்டிருந்தது. இந்த வருடம் மகரந்தம் குறைவுதானாம். அதே மாதத்தில் எடுத்ததில் 13.2. ஆனால் தும்மல் ஒன்றும் பெரிதாகக் குறையவில்லை, சில ராத்திரி இருமலும் வருகிறது. என் நோய் முற்றுகிறதா, குறைகிறதா? மகரந்தம் குறைவான வருடம் என்று தெரிந்தால் மருந்தை விட்டுவிடலாமா? வருடாவருடம் இந்தப் பரிசோதனை தேவையா? என் மகளுக்கு 7 வயது, அவளுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. அவளுக்கும் எடுத்துப் பார்த்துவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒன்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன். போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த ராத்திரி இருமல். உங்கள் மூன்று எண்களையும் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம், இருமலை அப்படித் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை. மகரந்த அலர்ஜி உள்ளவர்களில் கணிசமானவர்களுக்கு ஆஸ்துமாவும் சேர்ந்தே இருக்கிறது. அது எப்போதும் விசில் சத்தத்தோடு வருவதில்லை. ராத்திரி இருமல், படியேறும்போது நெஞ்சு இறுக்கம், சிரித்தால் இருமல் என்று மெதுவாகத்தான் பலருக்கும் தலைகாட்டும். மூக்குச் சளி தொண்டையில் இறங்குவதாலும் இருமல் வரலாம் என்பதால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஸ்பைரோமெட்ரி என்கிற, ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனையைச் சீக்கிரமே செய்துவிடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2016 நவம்பர் 21 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில், புல் மகரந்தம் அதிகமாக இருந்த ஒரு நாளில் இடியுடன் புயல் வந்தது. முழு மகரந்தத் துகள் பெரியது, மூக்கிலேயே நின்றுவிடும். ஈரம் பட்டு அது உடைந்தால் உள்ளிருந்து வரும் நுண்துகள்கள் நுரையீரல் வரை போகும். அந்த மாலையும் இரவும் ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சுத் திணறலோடு மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள், 10 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு அதுவரை ஆஸ்துமா என்று யாரும் சொன்னதே இல்லை. தங்களுக்கு இருப்பது சீசன் தும்மல் மட்டும்தான் என்று நினைத்திருந்தவர்கள் அவர்கள்.

சரி, இப்போது எண்களுக்கு வருவோம். உங்கள் நோய் முற்றியதற்கு அந்த மூன்று எண்களிலும் அடையாளம் எதுவும் இல்லை. 9.8 சீசனுக்கு முன் எடுத்தது, 21.4 சீசனுக்குப் பின் எடுத்தது. ஒரு கிணற்றின் நீர்மட்டத்தை மழைக்கு முன் ஒரு தடவையும் மழைக்குப் பின் ஒரு தடவையும் அளந்துவிட்டு, ஊற்று பெருகிவிட்டது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வோமா?

ஐஜிஇ என்பது அலர்ஜிக்குக் காரணமான எதிர்ப்பொருள். இது ரத்தத்தில் இருக்கும் அளவு மிகமிகக் குறைவு. உங்கள் 21.4 என்பது ஒரு லிட்டருக்கு 21.4 கிலோ யூனிட், எடையில் சொன்னால் ஏறக்குறைய 50 மைக்ரோகிராம். அதே ஒரு லிட்டரில் ஐஜிஜி என்கிற சாதாரண எதிர்ப்பொருள் 10 கிராம் அளவுக்கு இருக்கும். இவ்வளவு கொஞ்சமாக இருந்ததால்தான் 1960-களின் நடுப்பகுதி வரை யார் கண்ணிலும் படாமல் இருந்தது. அமெரிக்காவில் பணியாற்றிய கிமிஷிகே, தெருகோ இஷிசாகா தம்பதி ராக்வீட் என்ற களைச்செடியின் மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்களின் ரத்தத்திலிருந்து இதைக் கண்டுபிடித்தார்கள். ஸ்வீடனில் யோஹான்சன், பென்னிக் இருவரும் வேறு வழியில் இதே பொருளை அடைந்தார்கள். ஐஜிஇ என்ற பெயர் 1968-ல் முடிவானது. ஆக, மகரந்த அலர்ஜிக்காரர்களின் ரத்தம்தான் இந்த எதிர்ப்பொருளையே உலகத்துக்குக் காட்டியது.

உங்கள் கேள்விக்கு முக்கியமான விவரம், ஐஜிஇயின் ஆயுள். ரத்தத்தில் அதன் அரை ஆயுள், அதாவது இருப்பது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 2 நாள். ஐஜிஜிக்கு சுமார் 3 வாரம். மூக்கு, கண் போன்ற இடங்களின் சவ்வில் இருந்துகொண்டு அலர்ஜியைக் கிளப்பும் மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டுவிட்ட ஐஜிஇ வாரக்கணக்கில் அங்கேயே இருக்கும். தும்மலையும் அரிப்பையும் கிளப்புவது அப்படி ஒட்டியிருப்பதுதான். ஆனால் ஆய்வகம் அளப்பது ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருப்பதை. அது சில நாட்களில் கரைந்துவிடும் என்பதால், ரிப்போர்ட்டில் 21.4 என்று வர வேண்டுமானால் உடம்பு அந்த வாரத்திலும் அதை உற்பத்தி செய்துகொண்டிருக்க வேண்டும்.

அந்த உற்பத்தியில் இரண்டு பகுதி உண்டு. ஒரு பகுதி எலும்பு மஜ்ஜையில் நீண்ட நாள் வாழும், எதிர்ப்பொருள் சுரக்கும் பிளாஸ்மா செல்களிடமிருந்து வருகிறது. மகரந்தமே இல்லாத மாதங்களிலும் இது நிற்காது. உங்கள் 9.8 பெரும்பாலும் இந்த அடித்தளம். இன்னொரு பகுதி சீசனில் புதிதாக வருவது. மூக்கின் உட்சவ்வில் மகரந்தம் படும்போது அதை ஏற்கெனவே அறிந்த நினைவு செல்கள் விழித்துக்கொண்டு பெருகுகின்றன. அவற்றில் பலவும் ஐஜிஇ சுரக்கும் செல்களாக மாறுகின்றன. அதிக நாள் வாழாத செல்கள்தான், ஆனால் அவை இருக்கும் வரை ரத்தத்தில் எண் ஏறும். இதற்கு மகரந்தம் ரத்தத்துக்குள் போக வேண்டும் என்று கூட இல்லை. மூக்கில் பட்டாலே ரத்தத்தில் ஐஜிஇ உயர்வதை, அளந்த அளவில் மூக்கில் மகரந்தப் புரதம் வைத்துச் செய்த சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள்.

இந்த ஏற்றத்துக்கு ஒரு தாமதம் உண்டு. சீசன் தொடங்கிச் சில வாரங்களில் ஏற ஆரம்பிக்கும். உச்சம் வருவது பெரும்பாலும் சீசன் முடிகிற வேளையில், அல்லது முடிந்து சில வாரம் கழித்து. அதற்கப்புறம் மாதக்கணக்கில் மெதுவாக இறங்கி, அடுத்த சீசன் தொடங்கும் முன்புதான் மிகக் குறைந்த அளவைத் தொடும். ராக்வீட் நோயாளிகளிடம் 1970-களிலேயே இந்தச் சுற்றை அளந்து காட்டினார்கள். நீங்கள் உங்களுக்கே தெரியாமல் முதல் தடவை இறக்கத்தின் அடியிலும், இரண்டாவது தடவை ஏற்றத்தின் உச்சியிலும் ரத்தம் கொடுத்திருக்கிறீர்கள். வகுப்பு மூன்று, நான்கு என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 3.5 முதல் 17.5 வரை மூன்று, 17.5 முதல் 50 வரை நான்கு என்று எல்லை போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அது நோயின் கடுமையைச் சொல்லும் அளவுகோல் கிடையாது. அதை விளக்கமில்லாமல் அச்சிட்டுக் கொடுப்பது எவ்வளவு பேரைத் தூங்க விடாமல் செய்கிறது என்று பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

உண்மையில் ஒப்பிடத் தகுந்தவை 21.4-ம் 13.2-ம் தான். இரண்டும் சீசன் முடிந்து அதே மாதத்தில் எடுத்தவை. மகரந்தம் கொட்டிய வருடத்தில் 21.4, குறைந்த வருடத்தில் 13.2. இதுதான் எதிர்பார்க்கத் தக்கதும் கூட.

வருடத்துக்கு வருடம் மகரந்தம் மாறினால் ஐஜிஇ எப்படி மாறும் என்பதைப் பார்க்க ஜப்பானை விட நல்ல இடம் இல்லை. அங்கே சுகி என்ற ஒரு வகை சீடர் மரத்தை, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மலைச்சரிவுகளில் பெருமளவில் நட்டார்கள். அந்த மகரந்த அலர்ஜி பற்றிய முதல் மருத்துவ அறிக்கை 1964-ல்தான் வந்தது. 2019-ல் நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில் 38.8 சதவீதம் பேர் தங்களுக்கு அது இருப்பதாகச் சொன்னார்கள். சுகியின் ஆண் பூக்கள் முந்தைய கோடையில் உருவாகின்றன. கோடை சூடாகவும் வெயிலாகவும் இருந்தால் அடுத்த வசந்தத்தில் மகரந்தம் கொட்டும், குளிர்ந்த மழைக் கோடையாக இருந்தால் பல மடங்கு குறையும். ஒரே நோயாளிகளை இப்படிப்பட்ட வருடங்களில் தொடர்ந்து பார்த்த ஜப்பானிய மருத்துவர்கள் கண்டது இதுதான்: அதிக மகரந்த வருடத்தில் சீசனுக்குப் பிந்திய ஏற்றம் பெரிது, குறைந்த வருடத்தில் ஏற்றம் சிறிது. சிலரிடம் குறைந்த வருடத்தில் எண் ஏறாமல், முந்தைய வருடத்து இறக்கமே தொடரும்.

ஐரோப்பாவின் வடக்கில் பிர்ச் மரமும் இப்படி ஒரு வருடம் கொட்டி மறு வருடம் அடங்கும் இயல்புள்ளது. உங்கள் புல் மகரந்தம் மரங்களைப் போல இவ்வளவு தாறுமாறாக மாறாது. சீசனுக்கு முந்தைய மாதங்களில் பெய்யும் மழையும் வெப்பமும் அதன் அளவைத் தீர்மானிக்கின்றன. இன்னொன்று, எல்லோருடைய எண்ணும் ஒரே மாதிரி ஆடுவதில்லை. சிலருக்கு எவ்வளவு மகரந்தம் வந்தாலும் அசையாது. சிலருக்கு இரண்டு மூன்று மடங்கு ஏறும். பொதுவாக வயது ஏற ஏற ஆட்டம் அடங்கும்.

இதில் என் மனதை உறுத்துவது மகரந்த சீசன் நீள்வதுதான். வட அமெரிக்காவில் 1990 முதல் 2018 வரையிலான அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்ததில், சீசன் ஏறக்குறைய 20 நாள் முன்னதாகத் தொடங்குகிறது, 8 நாள் நீண்டிருக்கிறது, மகரந்த அளவு 21 சதவீதம் கூடியிருக்கிறது. அப்படியானால் எண் இறங்குவதற்குக் கிடைக்கும் மாதங்கள் சுருங்குகின்றன. அடித்தளமே மெதுவாக உயருமோ என்பது என் கவலை. அலர்ஜி மருத்துவர்கள் இன்னும் நிறைய கவனித்துப் பார்க்க வேண்டிய இடம் இது.

இப்போது நீங்கள் குழம்பிய இடம். மகரந்தம் குறைந்தது, ஐஜிஇயும் குறைந்தது, தும்மல் மட்டும் ஏன் குறையவில்லை?

ரத்தத்தில் உள்ள எண்ணுக்கும் மூக்கு படும் பாட்டுக்கும் நேரடிக் கணக்கு கிடையாது. 60 உள்ளவர் ஒரு மாத்திரையோடு நிம்மதியாக இருப்பார், 5 உள்ளவர் கண்ணைத் திறக்க முடியாமல் வருவார். மொத்த ஐஜிஇயில் இந்த மகரந்தத்துக்கானது எத்தனை பங்கு, அது எவ்வளவு இறுக்கமாக மகரந்தப் புரதத்தைப் பிடிக்கிறது, அதைத் தடுக்கும் ஐஜிஜி4 என்கிற ஒரு வகை ஐஜிஜி எவ்வளவு இருக்கிறது, மூக்குச் சவ்வில் மாஸ்ட் செல்கள் எத்தனை கூடியிருக்கின்றன என்று பல விஷயங்கள் இதில் சேர்கின்றன. மூக்குச் சவ்வே தன் இடத்தில் ஐஜிஇ தயாரிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிலருக்கு ரத்தத்தில் ஒன்றுமே இருக்காது, மூக்கில் மட்டும் இருக்கும்.

அதோடு மூக்குக்கு ஒரு பழக்கம் உண்டு. சீசன் தொடக்கத்தில் தும்மல் வர நிறைய மகரந்தம் தேவைப்படும். சில நாள் தொடர்ந்து பட்ட பிறகு, அதில் ஒரு சிறு பங்கே போதும். 1960-களின் கடைசியில் இதைச் சோதனையாகவே செய்து காட்டினார்கள். சவ்வு ஏற்கெனவே வீங்கி, அலர்ஜி செல்கள் அங்கே குவிந்திருப்பதுதான் காரணம். அதனால் சீசனின் பின்பாதியில் மகரந்த எண்ணிக்கை இறங்கினாலும் தொந்தரவு இறங்க நாளாகும். இன்னொரு பக்கம், மகரந்தம் ஓரளவைத் தாண்டிவிட்டால் அதற்கு மேல் இரட்டிப்பானாலும் தொந்தரவு இரட்டிப்பாவதில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மோசமான வருடத்துக்கும் சுமாரான வருடத்துக்கும் உங்களுக்கு வித்தியாசம் தெரியாமல் போனதில் வியப்பில்லை.

மகரந்தம் குறைவு என்று அறிவிப்பதும் ஏதோ ஒரு கட்டிடத்தின் மாடியில் இருக்கும் கருவியின் கணக்குதான். காற்றை உறிஞ்சி, ஒரு கன மீட்டரில் எத்தனை துகள் என்று நாள் சராசரி சொல்வார்கள். நீங்கள் நடக்கும் பாதையோரத்தில் புல் பூத்திருந்தால் உங்கள் மூக்குக்குப் போகும் கணக்கு வேறு. இத்தனையும் இருந்தும், சீசன் முடிந்த பிறகும் தும்மல் தொடர்ந்தால் வீட்டுத் தூசிப் பூச்சி போன்ற வேறு காரணம் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆகவே, மகரந்தம் குறைவான வருடம் என்று முன்கூட்டியே சொன்னாலும் மருந்தை விட்டுவிடாதீர்கள். ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரேயை சீசன் தொடங்க ஒன்று இரண்டு வாரம் முன்பே ஆரம்பிப்பது நல்லது. மூக்கு அந்த உணர்ச்சி நிலைக்குப் போகாமல் தடுப்பதுதான் அதன் பெரிய பலன். போன வருடம் வேலை செய்யவில்லை என்று நினைத்தால், அடிக்கும் முறையை ஒருமுறை சரிபாருங்கள். குனிந்த தலையோடு, முனையை மூக்கின் நடுத்தண்டுக்கு எதிர்ப்பக்கம், அதாவது காதுப் பக்கம் பார்த்து அடிக்க வேண்டும். வேகமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். நன்றாக அடங்கிய பின் அளவைக் குறைப்பதை உங்கள் மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம். செட்ரிசின், லொராட்டடின், ஃபெக்ஸோஃபெனடின் போன்ற ஆன்டிஹிஸ்டமின் மாத்திரைகள் தும்மலையும் அரிப்பையும் அடக்கும், மூக்கடைப்புக்கு ஸ்ப்ரே அளவுக்கு உதவாது. மாத்திரை சாப்பிட்டால் ஐஜிஇ எண் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள், அது ஐஜிஇயைத் தொடுவதே இல்லை. அதனால்தான் ரத்தப் பரிசோதனைக்கு மாத்திரையை நிறுத்தத் தேவையில்லை. தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனைக்கு மட்டும் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வோம்.

வருடாவருடம் ரத்தப் பரிசோதனை தேவையில்லை. எதற்கு அலர்ஜி என்று கண்டறிய ஒரு தடவை, உடம்பை மகரந்தத்துக்குப் பழக்கும் இம்யூனோதெரபி சிகிச்சை தொடங்கும் முன் தேவைப்பட்டால் ஒரு தடவை, தொந்தரவின் காலமோ வகையோ மாறினால் ஒரு தடவை. அவ்வளவு போதும். அதையும் மீறி ஒப்பிட்டுப் பார்க்க நேர்ந்தால், அதே ஆய்வகம், அதே முறை, சீசனின் அதே கட்டம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேறு வேறு நிறுவனங்களின் கருவிகள் தரும் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடவே கூடாது. அதற்குப் பதிலாக, அடுத்த சீசனில் தினமும் மூக்கு, கண், தூக்கம் மூன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண் போட்டு, அன்று எடுத்த மருந்தையும் எழுதி வையுங்கள். நான் சிகிச்சையை முடிவு செய்ய ரிப்போர்ட்டை விட அந்தக் காகிதம்தான் அதிகம் உதவும்.

மருந்தை முறையாக எடுத்தும் அடங்கவில்லை என்றால் இம்யூனோதெரபி பற்றிக் கேளுங்கள். புல் மகரந்தத்தையே சிறு அளவில் ஊசியாகவோ நாக்கடி மாத்திரையாகவோ சுமார் 3 வருடம் கொடுத்து உடம்பைப் பழக்கும் சிகிச்சை இது. நிறுத்திய பின்னும் சில வருடங்கள் பலன் நிற்பது இதற்கு மட்டுமே உள்ள சிறப்பு. எண்களைப் பார்த்துப் பயப்படுபவர் நீங்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இந்தச் சிகிச்சையின் முதல் மாதங்களில் ஐஜிஇ ஏறும். சிகிச்சை தவறிவிட்டது என்று அர்த்தமில்லை. தொடர்ந்து எடுத்தால் ஐஜிஜி4 பெருகி மகரந்தப் புரதத்தை வழியிலேயே மறிக்கும், சீசன் வந்தாலும் ஐஜிஇயின் வழக்கமான ஏற்றம் மழுங்கும், பிறகு அடித்தளமும் மெல்ல இறங்கும். அதை சீசனுக்கு மாதங்கள் முன்பே தொடங்க வேண்டும். கட்டுப்படாத ஆஸ்துமா இருந்தால் தொடங்கவே கூடாது, இருமலை முதலில் பார்க்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் மகளுக்கு இப்போது பரிசோதனை வேண்டாம். ஜெர்மனியில் பிறந்ததிலிருந்து பல வருடம் தொடர்ந்து பார்த்த குழந்தைகளிடம், புல் மகரந்த ஐஜிஇ முதல் தும்மலுக்கு வருடக்கணக்கில் முன்பே ரத்தத்தில் தென்பட்டது. முதலில் மகரந்தத்தின் ஏதோ ஒரு புரதத்துக்கு எதிராக மட்டும் தொடங்கி, வருடங்கள் போகப் போக மற்றப் புரதங்களுக்கும் பரவியது. படிக்க வியப்பான விஷயம்தான். ஆனால் ஐஜிஇ இருந்தும் வாழ்நாளில் ஒரு தொந்தரவும் வராதவர்கள் நிறைய உண்டு. அப்படி ஒரு எண் வந்தால் அதை வைத்து நாங்கள் செய்யக்கூடியது இப்போது எதுவும் இல்லை, ஓடி விளையாடும் பிள்ளையைப் புல்வெளிப் பக்கம் போகாதே என்று தடுப்பதுதான் நடக்கும். உங்களுக்கு அலர்ஜி இருப்பதால் அவளுக்கும் வரும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளை விடக் கொஞ்சம் அதிகம் என்பது உண்மை. எனவே இவற்றைக் கவனித்து வாருங்கள்: ஒவ்வொரு வருடமும் அதே மாதங்களில் மூக்கைத் தேய்ப்பது, கண்ணைக் கசக்குவது, வாயால் மூச்சு விட்டுத் தூங்குவது, ஓடினால் இருமுவது. இவற்றில் ஏதாவது இரண்டாவது சீசனிலும் திரும்ப வந்தால் அப்போது அழைத்து வாருங்கள், பரிசோதனையை அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம்.